நகச்சொத்தையை ஆராய்ந்தே ஒரு பாத மருத்துவர் காலம் தள்ள முடியுமா?

பாத மருத்துவம் படிக்கும் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது: "சேற்றுப்புண், நகச்சொத்தை போன்ற பூஞ்சைத் தொற்றுகளை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு போடியாட்ரிஸ்ட் ஆராய்ச்சி வாழ்க்கை நடத்த முடியுமா? டெர்பினாஃபைன் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை வந்த பிறகு இதில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது? அப்படியே இருந்தாலும் அது தோல் மருத்துவர்களின் களம் இல்லையா?"

முடியும். இதில் பல வருடங்களைச் செலவிட்டவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாத்திரை வந்ததோடு கதை முடிந்துவிட்டது என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் பூஞ்சைக்கு எதிரான மருந்து நம்மிடம் 1950-களிலிருந்தே இருக்கிறது. நகத்துக்குள் இருப்பது உண்மையில் பூஞ்சைதானா, போய்விட்டது என்று எப்போது சொல்லலாம், போனது ஏன் திரும்ப வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இன்றுவரை ஒழுங்கான விடை இல்லை. இந்த மூன்றுக்கும் தேவையான பொருள் பாத மருத்துவரின் கையில்தான் இருக்கிறது. நகத்தை வெட்டுவதும் தேய்ப்பதும் அவர்தான். அதே நோயாளியை ஆறு வாரத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்கில் பார்ப்பவரும் அவர்தான். தோல் மருத்துவர் ஒரு நகத்தை வருடத்தில் இரண்டு முறை பார்த்தாலே அதிகம்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். என் கணக்கில் இந்தத் துறையின் பாதி அதில்தான் இருக்கிறது.

தடித்து, மஞ்சளாகி, நுனியில் பொடிந்துபோன ஒரு கால் நகத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் வாயில் வருவது பூஞ்சை என்ற சொல். ஆனால் உருமாறிய நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வந்தவை என்று பாடநூல்களே சொல்கின்றன. மீதிப் பாதியில் சோரியாசிஸ் இருக்கும், காலணி வருடக்கணக்காக அழுத்தியதால் ஏற்பட்ட காயம் இருக்கும், முதுமையால் தடித்த நகம் இருக்கும், எப்போதாவது நகத்தின் அடியில் புற்றுநோயும் இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது. அனுபவம் கூடக்கூட இந்த விஷயத்தில் தன்னம்பிக்கைதான் கூடுகிறது, கணிப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2013-ல் வெளியிட்ட தேவையற்ற சிகிச்சைகளின் பட்டியலில், பரிசோதனையில் உறுதி செய்யாமல் நகப் பூஞ்சைக்கு மாத்திரை எழுதாதீர்கள் என்பதையும் சேர்த்தது. அப்படி ஓர் எச்சரிக்கை தேவைப்பட்டது என்பதிலிருந்தே நடைமுறை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, பரிசோதனைக்கு அனுப்பினால் தீர்ந்ததா? இல்லை. அங்கேதான் சுவாரசியம் ஆரம்பிக்கிறது. வழக்கமான முறை, நகத் துகளை பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, மீதியை சபுரோ அகாரில் இட்டு மூன்று நான்கு வாரம் வளர்ப்பது, அதாவது கல்ச்சர். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ரேமோன் சபுரோவின் பெயரைத் தாங்கிய அந்த ஊடகம், நூறு வருடம் கடந்தும், சிறு மாற்றங்களோடு இன்றும் நம் ஆய்வகத்தில் இருக்கிறது. நுண்ணோக்கியில் பூஞ்சை இழை தெளிவாகத் தெரிந்தும் கல்ச்சரில் ஒன்றும் முளைக்காத மாதிரிகள் ஏராளம். காரணம் எளிது. நகத்தின் நுனியில் இருக்கும் பூஞ்சை பெரும்பாலும் செத்துப்போனது. உயிருள்ள பூஞ்சை, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லையில், நகப்படுக்கையை ஒட்டி இருக்கிறது. நோயாளியோ செவிலியரோ நுனியைக் கத்தரித்து ஒரு உறையில் போட்டு அனுப்பினால் ஆய்வகத்துக்குப் போவது பழைய சடலங்கள்தான்.

அந்த எல்லை வரை காயமில்லாமல் போய்ச் சேருவது ஒரு கைத்திறன். முதலில் நுனியைக் குறைத்து, தளர்ந்த பகுதியை அகற்றி, நகத்தின் அடியில் இருக்கும் பொடியை கியூரெட் என்ற சிறு கரண்டி போன்ற கருவியால் உள்நோக்கிச் சுரண்டி எடுக்க வேண்டும். அல்லது நகத்தட்டின் மேலிருந்து நுண்ணிய துரப்பணத்தால் இறங்க வேண்டும். நுனியிலிருந்து எடுத்த மாதிரியையும் உள்ளே தள்ளி எடுத்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் உள்மாதிரிகள் தெளிவாக முந்தியிருக்கின்றன. சிறிய ஆய்வுகள்தான், பெரிய செலவில்லாதவை. ஆனால் அதற்குப் பின் வந்த ஒவ்வொரு மருந்துச் சோதனையின் நம்பகத்தன்மையும் இதன்மேல்தான் நிற்கிறது. மாதிரியை எடுத்த கை சரியில்லை என்றால் "கல்ச்சர் நெகட்டிவ்" என்ற முடிவுக்குப் பொருளே இல்லை. மருந்து வேலை செய்ததா, கியூரெட் போதுமான ஆழம் போகவில்லையா என்று எப்படிப் பிரிப்பது? மருந்துச் சோதனை அறிக்கைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது மாதிரி எடுத்தவர் யார், எப்படி எடுத்தார் என்ற வரியைத்தான். பல அறிக்கைகளில் அந்த வரியே இருக்காது.

நகத் துண்டை திசுவியல் ஆய்வகத்தில் பூஞ்சை இழையை நிறமேற்றிக் காட்டும் பி.ஏ.எஸ். சாயமிட்டுப் பார்ப்பது கல்ச்சரைவிட அதிகம் கண்டுபிடிக்கிறது. ஆனால் இழை இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்த இனம், உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனை இனத்தைச் சொல்லிவிடும், ஓரிரு நாளில். ஆனால் செத்த பூஞ்சையின் டி.என்.ஏ.வைக் கண்டாலும் அது பூஞ்சை இருக்கிறது என்றே சொல்லும் என்பதால் சிகிச்சைக்குப் பிறகு அதை எப்படிப் படிப்பது என்பது தனி விவாதம். அப்புறம் இன்னொரு தொல்லை இருக்கிறது. ஸ்கோபுலாரியாப்சிஸ், ஃபியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற மண்ணிலும் தூசியிலும் வாழும் பூஞ்சைகள் தட்டில் முளைத்தால் அவை நோய்க்குக் காரணமா, சும்மா ஒட்டிக்கொண்டு வந்தவையா? ஒரே நகத்திலிருந்து வேறுவேறு நாள்களில் எடுத்த மாதிரிகளில் அதே பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால்தான் நம்பலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, குணம் என்பது எது. இதைப் புரிந்துகொள்ள எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த லயன் ஆய்வு இந்தத் துறையின் மைல்கல். டெர்பினாஃபைனைத் தொடர்ச்சியாக 12 அல்லது 16 வாரம் கொடுப்பதையும், இன்னொரு பூஞ்சை மருந்தான இட்ராகொனசோலை மாதத்தில் ஒரு வாரம் என்று மூன்று அல்லது நான்கு முறை கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். 72-வது வாரத்தில், அதாவது நகம் முழுதாக வளர்ந்து மாற அவகாசம் தந்து பார்த்தபோது, பூஞ்சை பரிசோதனையில் தென்படாதவர்கள் டெர்பினாஃபைனில் 76 முதல் 81 சதவீதம், இட்ராகொனசோலில் 38 முதல் 49 சதவீதம். டெர்பினாஃபைன் வென்றது, இன்றும் முதல் தேர்வாக இருக்கிறது. ஆனால் அதே டெர்பினாஃபைனின் அமெரிக்க மருந்துக் குறிப்பைத் திறந்தால் பூஞ்சை நீங்கியவர்கள் 70 சதவீதம், பூஞ்சையும் நீங்கி நகமும் முழுதாகத் தெளிந்தவர்கள் 38 சதவீதம் என்று இருக்கும். ஒரே மருந்துதான். எதைக் குணம் என்று அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் பாதியாகிவிடுகிறது.

மேலே பூசும் மருந்துகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. எஃபினகொனசோல் 10 சதவீதக் கரைசலுக்கு 2014-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. 870 பேரும் 785 பேரும் கலந்துகொண்ட இரண்டு சோதனைகள். தினமும் ஒருமுறை, 48 வாரம் பூசி, 52-வது வாரத்தில் பார்த்தார்கள். பூஞ்சை நீங்கியவர்கள் 55, 53 சதவீதம். "முழுக் குணம்" அடைந்தவர்கள் 17.8, 15.2 சதவீதம். மருந்தில்லாத வெறும் கரைசலைப் பூசியவர்களில் 3.3, 5.5 சதவீதம். அதே வருடம் அனுமதி பெற்ற இன்னொரு பூசுமருந்தான டாவபோரோலின் முழுக் குணம் 6.5, 9.1 சதவீதம்தான்.

இதைப் படித்துவிட்டு மருந்து மோசம் என்று சிரிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நில்லுங்கள். முழுக் குணம் என்றால் நுண்ணோக்கியில் இல்லை, கல்ச்சரில் இல்லை, நகத்தில் ஒரு துளி மாற்றமும் இல்லை, மூன்றும் சேர்ந்து. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். கட்டைவிரல் நகம் அடியிலிருந்து நுனிக்கு வர 12 முதல் 18 மாதம் ஆகும். முதியவர்களுக்கு இன்னும் மெதுவாக. அப்படியிருக்க 52-வது வாரத்தில் நகம் கண்ணாடிபோல இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நகத்தின் உடலியலோடு சண்டை போடுவதுதான். தவிர, பல வருடம் ஷூ இடித்து உருமாறிய நகம் பூஞ்சை போன பிறகும் அப்படியேதான் இருக்கும். அந்த நோயாளி எந்தச் சோதனையிலும் தோல்வி என்றே பதிவாவார். மறுபக்கம், பூஞ்சை நீங்கியது என்ற 55 சதவீதத்தையும் முன்பு சொன்ன மாதிரி எடுக்கும் சிக்கலோடுதான் படிக்க வேண்டும். வெறும் கரைசல் பூசியவர்களிலேயே 17 சதவீதம் பேருக்கு பூஞ்சை "நீங்கியிருக்கிறது". அதில் ஒரு பங்கு உண்மை, ஒரு பங்கு கியூரெட்டின் குறை என்பது என் ஊகம்.

லேசர் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை, அதனால் ஒரே பத்தி. 2010-ல் ஒரு நகப் பூஞ்சை லேசருக்கு எஃப்.டி.ஏ. தந்த அனுமதியின் வாசகம், தெளிவான நகப் பரப்பில் தற்காலிக அதிகரிப்பு என்பதுதான். குணம் என்ற பேச்சே அதில் இல்லை. கருவிகளுக்கான அனுமதிப் பாதை மருந்துகளுக்கானதைவிட எளிது, நிரூபிக்க வேண்டிய அளவுகோலும் வேறு. விளம்பரத்தில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். யாருக்கு எது தரப்பட்டது என்பதை மறைத்துச் செய்யப்பட்ட, போலி லேசரோடு ஒப்பிட்ட நல்ல ஆய்வுகள் இந்தப் பக்கம் குறைவு. ஆய்வு செய்ய விரும்பும் பாத மருத்துவருக்கு இது திறந்த வாசல். ஆனால் கருவி விற்பவரிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டு நுழையாதீர்கள்.

இதெல்லாம் அழகுப் பிரச்சினைதானே என்று நிதிக்குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கு என்னிடம் இருக்கும் நல்ல பதில், 1999-ல் பிரான்சின் ஏழு மருத்துவமனைகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு. காலில் செல்லுலைட்டிஸ் என்ற தோலடி பாக்டீரியாத் தொற்று வந்து அனுமதிக்கப்பட்ட 167 பேரை, அது வராத 294 பேரோடு ஒப்பிட்டார்கள். நிணநீர் வீக்கம்தான் தனிநபருக்கு மிகப் பெரிய அபாயம். ஆனால் எத்தனை பேருக்கு நோய் வர எது காரணம் என்ற கணக்கில் முதலிடம் பிடித்தது விரல் இடுக்குப் புண், மொத்த நோயில் 61 சதவீதத்துக்கு அது பொறுப்பு. விரல் இடுக்குப் புண் எல்லாமே பூஞ்சை அல்ல, பாக்டீரியாவும் அங்கே குடியிருக்கும் என்பதை நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் வாதம் பலவீனமாகாது. நீரிழிவால் உணர்ச்சி மரத்த காலில் ஒரு விரல் இடுக்கு வெடிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது பாத மருத்துவருக்குச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. தடித்த நகம் ஷூவுக்குள் அழுத்தி, அதன் அடியில் புண் உருவாகி, நோயாளிக்கே தெரியாமல் இருப்பதும் வாராவாரம் பார்க்கும் காட்சி.

இந்தத் துறையின் பழைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜே. சி. ஜென்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் பூஞ்சை ஆய்வாளரின் வேலை. 1950-களில் அவர் பொதுக் குளியலறைகளின் தரையிலிருந்து நோய்ப் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பாதங்களில் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஆராய்ந்தார். வேலை முடிந்து கரி படிந்த உடம்போடு எல்லோரும் ஒரே குளியல் கூடத்தில் வெறுங்காலோடு நிற்பவர்கள் அவர்கள். அதே மனிதர்தான் 1958-ல், படர்தாமரை வந்த கினிப் பன்றிகளுக்கு கிரிசியோஃபல்வினை வாய்வழியாகக் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார். கிரிசியோஃபல்வின் 1939-லேயே பிரித்தெடுக்கப்பட்டு, இடைக்காலத்தில் செடிகளின் பூஞ்சை நோய்க்குப் பயன்படலாம் என்று பார்க்கப்பட்ட பொருள். பாதத்திலும் நகத்திலும் வாழும் பூஞ்சையை உள்ளிருந்து தாக்கும் மாத்திரைகளின் வரலாறு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஈரத் தரையைச் சுரண்டிய ஆய்வும் மாத்திரை ஆய்வும் ஒரே மேசையிலிருந்து வந்தவை என்பதை மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வேன். இன்று இவ்விரண்டும் வெவ்வேறு துறைகளாகப் பிரிந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதில்லை.

தரையிலிருந்து காலுறைக்கு வந்தால், துணி துவைக்கும் வெப்பநிலை பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 30 டிகிரி துவைப்பில், பாதத்திலும் நகத்திலும் மிக அதிகமாகக் காணப்படும் பூஞ்சையான ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் பிழைத்துக்கொள்கிறது, 60 டிகிரியில் சாகிறது. காலுறைக்கு விடை கிடைத்துவிட்டது. ஷூவைத்தான் 60 டிகிரியில் துவைக்க முடியாது! புற ஊதா ஒளி, ஓசோன், தெளிப்பான் என்று பலவும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஷூவுக்குள் பூஞ்சை குறைந்தது என்று காட்டுவது எளிது. அதனால் நோயாளிக்குத் தொற்று திரும்ப வருவது குறைந்தது என்று காட்டுவதுதான் கடினம். அந்த இரண்டாவது படியை யாராவது பொறுமையாக ஏற வேண்டும்.

நம் தொழிலுக்கே உரிய ஒரு தலைப்பும் இருக்கிறது, நகத்தூள். தடித்த நகத்தைத் துரப்பணத்தால் தேய்க்கும்போது எழும் தூளில் பெரும்பகுதி நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய அளவுக்கு நுண்ணியது. அதில் பூஞ்சைத் துணுக்குகளும் நகப் புரதமான கெரட்டினும் இருக்கின்றன. 1980-களிலேயே பாத மருத்துவர்களின் இரத்தத்தில் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) கண்டறியப்பட்டன. கண் எரிச்சல், மூக்கடைப்பு, ஆஸ்துமா பற்றிய கேள்விகள் அன்றிலிருந்து எழுப்பப்படுகின்றன. உறிஞ்சு துரப்பணமும் நீர்த்தெளிப்புத் துரப்பணமும் தூளைக் குறைக்கின்றன என்பது தெரியும். முப்பது நாற்பது வருடம் இதைச் சுவாசித்த ஒருவரின் நுரையீரல் என்ன ஆகிறது என்பதை நீண்டகாலத் தொடர் ஆய்வாகச் செய்ய ஆள் வேண்டும். வேறெந்தத் துறையும் நமக்காக இதைச் செய்யப்போவதில்லை. முகக்கவசத்தை ஒழுங்காகப் போடுங்கள் என்று இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

தோல் மருத்துவர்களின் களம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். களம் அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. நகப் பூஞ்சை நகத்துக்குள் நுழையும் வழியை வைத்து 1972-ல் வகைப்படுத்தியவர் நார்டோ ஜயாஸ் என்ற தோல் மருத்துவர். இன்றும் அதன் வழித்தோன்றலைத்தான் பயன்படுத்துகிறோம். குடும்பங்களில் இந்தத் தொற்று பரம்பரையாக வரும் போக்கை 1990-களில் முன்வைத்ததும் அவர் குழுதான். ஆனால் பாத மருத்துவப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் தடம் பதித்த இடங்களும் உண்டு. பிரிட்டனின் ஃபே க்ராஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதத் தோல், நகப் பூஞ்சைகளுக்கான பூசுமருந்துகளைப் பற்றிய காக்ரேன் மதிப்பாய்வை, அதாவது வெளிவந்த சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோடும் ஆய்வை, முன்னின்று செய்தவர். 2007 பதிப்பில் 67 சோதனைகள் தேறின. சேற்றுப்புண்ணுக்குப் பல பூசுமருந்துகள் வெறும் களிம்பைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்கின்றன, டெர்பினாஃபைன் சேர்ந்த அல்லைலமைன் வகை, இட்ராகொனசோல் சேர்ந்த அசோல் வகையைவிடச் சற்று முன்னே நிற்கிறது என்று காட்டியது அந்த வேலை. நகத்துக்கு வந்தபோது ஆதாரம் மெலிந்துபோனது என்பதையும் ஒளிக்காமல் சொன்னது. ஆய்வகம் இல்லாமல், மற்றவர்களின் ஆய்வுகளைக் கறாராகப் படித்தே ஒரு துறையின் நடைமுறையை மாற்ற முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். முனைவர் பட்டத்துக்கு வருபவர்களுக்கு முதல் வேலையாக நான் பரிந்துரைப்பதும் இதைத்தான். இருநூறு சோதனைகளைப் பிரித்துப் படித்தவர், தன் சொந்தச் சோதனையை அரைகுறையாக வடிவமைக்க மாட்டார்.

எத்தனை பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது என்ற எளிய எண்ணிக்கையே அப்படிப் படிக்கும்போது ஆட்டம் காணும். 1990-களின் இறுதியில் ஐரோப்பாவில் நடந்த அகில்லீஸ் திட்டம் பல்லாயிரம் பாதங்களைப் பார்த்து, மூன்றில் ஒரு பங்குக்குப் பூஞ்சைத் தொற்று என்ற அளவில் சொன்னது. ஆனால் அவர்கள் பார்த்தது மருத்துவரைத் தேடி வந்தவர்களை, ஆய்வுக்குப் பின்னால் மருந்து நிறுவனத்தின் பணம். 2014-ல் வந்த ஒரு மதிப்பாய்வு நகத் தொற்றை மட்டும் எடுத்து, பொது மக்களிடையே சராசரி 4.3 சதவீதம், மருத்துவமனைக்கு வருபவர்களிடையே 8.9 சதவீதம் என்று பிரித்துக் காட்டியது. எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதே பாதி விடை. மானிய விண்ணப்பங்களில் எந்த எண் அதிகம் மேற்கோள் காட்டப்படும் என்று சொல்லவே வேண்டாம்.

இப்போது தொடங்குபவருக்குப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, மருந்து எதிர்ப்பு. டெர்பினாஃபைன் பூஞ்சையின் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியை அடைக்கிறது. அந்த நொதியின் மரபணுவில் 393-வது, 397-வது இடங்கள் போன்ற சில குறிப்பிட்ட இடங்களில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே மருந்து சரியாக ஒட்டாமல் போகிறது. 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிடப்பட்ட இனம் இப்படிப்பட்ட எதிர்ப்போடு பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அது பெரும்பாலும் உடலிலும் தொடை இடுக்கிலும் வரும் படர்தாமரை. ஆனால் அதே வகை மாற்றங்கள் நகத்திலிருந்து எடுத்த ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரத்திலும் பதிவாகியிருக்கின்றன. மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் நோயாளி ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று எழுதிவிட்டுப் போன காலம் முடிந்துவிட்டது. ஆனால் எல்லாத் தோல்வியும் மரபணு மாற்றமும் அல்ல. நகத்துக்கடியில் பூஞ்சை இழைகள் கெட்டியாகத் திரண்டு டெர்மட்டோஃபைட்டோமா என்ற கட்டியாக இருந்தால் மருந்து உள்ளே போகாது. 1998-லிருந்தே இது விவரிக்கப்பட்டு வருகிறது. அதைத் திறந்து சுரண்டி எடுக்க வேண்டும், அதாவது மறுபடி பாத மருத்துவரின் கை. எதிர்ப்பா, கட்டியா, மருந்து சேரவில்லையா, முதலிலேயே பூஞ்சை இல்லையா என்று தோல்விகளைப் பிரித்து அறிவது இன்றைய தேதியில் ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகப் போதும்.

நடைமுறைப் பக்கம் சுருக்கமாக. முதலில் சில வருடம் நோயாளிகளைப் பாருங்கள். நேரே பட்டப்படிப்பிலிருந்து ஆய்வகத்துக்குப் போனால் உங்களுக்கென்று தனியாக எதுவும் இருக்காது, பூஞ்சையியல் படித்தவர் உங்களைவிட நன்றாக அந்த வேலையைச் செய்வார். அப்புறம் ஒரு பூஞ்சையியல் ஆய்வகத்தோடு நட்பு வேண்டும். அவர்களுக்கு நல்ல மாதிரி வேண்டும், உங்களுக்கு நல்ல விடை வேண்டும். மருந்தாக்கத் துறையினரும் நல்ல கூட்டாளிகள். நகத்தை ஊடுருவும் மருந்தைச் சோதிக்க மனித நகத் துண்டோ, அது கிடைக்காதபோது மாட்டுக் குளம்பின் மெல்லிய சீவலோ பயன்படுத்துகிறார்கள். ஒப்புதல் படிவத்தோடு முறையாகச் சேகரித்த நகத் துண்டுகள் உங்கள் கிளினிக்கிலிருந்து போகலாம். அதைவிட எளிதான கூட்டு முயற்சி கிடையாது. பணம்தான் தொல்லை. உயிர்க்கொல்லி நோய் இல்லை என்பதால் பொது நிதி மெதுவாக வரும், மருந்து நிறுவன நிதி வேகமாக வரும். நிறுவனச் சோதனையில் மாதிரி எடுப்பவராகச் சேருவதில் தவறில்லை, நிறையக் கற்கலாம். ஆனால் முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் படியுங்கள்.

மூன்றாவது கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தேன், நான் இப்போது தொடங்கினால் எடுப்பது அதைத்தான். லயன் ஆய்வில் கலந்துகொண்ட ஐஸ்லாந்துக்காரர்கள் 151 பேரை ஏறத்தாழ ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இடையில் வேறு சிகிச்சை இல்லாமலே பூஞ்சையின்றி நீடித்தவர்கள் டெர்பினாஃபைன் குழுவில் 46 சதவீதம், இட்ராகொனசோல் குழுவில் 13 சதவீதம். சிறந்த மருந்தே பாதிப் பேருக்கு மேல் நிலைக்கவில்லை. திரும்ப வந்தது அதே பழைய பூஞ்சையின் மிச்சமா, ஷூவிலிருந்தோ குளியலறைத் தரையிலிருந்தோ வந்த புதுத் தொற்றா? இதற்கு மரபணு அச்சு எடுத்துப் பார்த்தால் போதும் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால் உலகம் முழுக்க இருக்கும் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. பாலினப் பெருக்கம் இல்லாமல், ஒரே இணைவகையை (பூஞ்சைகளில் பாலினம் போன்ற பிரிவை) சேர்ந்தவையாக, மரபணு வேறுபாடு மிகக் குறைவாக இருக்கின்றன. வழக்கமான வகைப்படுத்தும் முறைகளில் உங்கள் பூஞ்சையும் பக்கத்து வீட்டுக்காரர் பூஞ்சையும் ஒன்றுபோலவே தெரியும். முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் சிறு எழுத்து மாற்றங்களைத் தேட வேண்டும். அதற்கு ஒரே நோயாளியின் ஒரே நகத்திலிருந்து, சிகிச்சைக்கு முன்னும், முடிந்ததும், திரும்ப வந்தபோதும் எடுத்துப் பத்திரமாக உறையவைத்த பூஞ்சைகள் வேண்டும், அவருடைய ஷூவிலிருந்தும் விரல் இடுக்கிலிருந்தும் எடுத்தவை கூட. அப்படிப்பட்ட சேகரிப்பைத் தொடங்க உங்களுக்கு மானியம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், ஆய்வகத்தின் உறைபெட்டியில் ஒரு தட்டும் கிடைத்தால் இந்த வருடமே ஆரம்பித்துவிடலாம். முதல் பயனுள்ள விடை வர ஐந்தாறு வருடம் ஆகும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.